ஆர்கானைக் கூட்டினால் சுடர் ஏன் குட்டையாகிறது?

கேள்வி: பம்ப் ஸ்லீவ்களுக்கு (தண்டின் மேல் மாட்டும் உறைகள்) பிளாஸ்மா ஸ்ப்ரேயில், அதாவது பவுடரைச் சூடான வாயுச் சுடரில் உருக்கித் தெளிக்கும் முறையில், அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூச்சு போடுகிறோம். சூடு கூடட்டும் என்று ஆர்கானைக் கூட்டினோம். சுடர் குட்டையாகிவிட்டது, சத்தம் காதைப் பிளக்கிறது, பூச்சில் உருகாத துகள்கள். ஏன் இப்படி? (ஒரு வாசகர், ஓசூர்)

பதில்: கேஸ் அடுப்பில் வாயுவைக் கூட்டினால் சூடு ஏறும், ஏனென்றால் அங்கே வாயுதான் எரிகிறது. சுடரைத் தெளிக்கும் துப்பாக்கியான பிளாஸ்மா டார்ச்சில் ஆர்கான் எரிவதே இல்லை. டங்ஸ்டன் கேத்தோடுக்கும் (எதிர்மின் முனை) சுடர் வெளிவரும் செம்பு நாசிலுக்கும் நடுவே 500, 600 ஆம்பியரில் ஓடும் ஆர்க்தான் (மின்வில்) சூட்டைத் தருகிறது. ஆர்கானைக் கூட்டினால் ஆர்க் நீண்டு வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், ஆனால் வாயு ஏறிய அளவுக்கு ஏறாது, அதனால் ஒவ்வொரு கிராம் வாயுவுக்கும் கிடைக்கிற வெப்பம் குறைந்துபோகிறது. வேகம் மட்டும் கூடுகிறது. அலுமினா உருக 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். துகளுக்குச் சுடரில் கிடைப்பதே ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி, அதிலும் கை வைத்துவிட்டீர்கள்.

நாசிலுக்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடுவே 10,000 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் ஆர்கானின் அடர்த்தி சாதாரண நிலையில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்குதான், பிசுபிசுப்போ பல மடங்கு அதிகம். அதனால் புதிதாக வரும் குளிர் வாயு நடுவே புக முடியாமல் சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகிறது. 1,085 டிகிரியிலேயே உருகிவிடும் செம்பு பிழைப்பது இந்தப் படலத்தாலும் தண்ணீர்க் குளிர்ச்சியாலும்தான். ஆகவே ஆர்கானை ரொம்பவும் குறைத்துவிடாதீர்கள்.

சத்தம் வெளியில்தான் பிறக்கிறது. வேகமான, லேசான சுடர் அசையாத கனத்த காற்றில் மோதி, விளிம்பில் சுழல்கள் கிளம்பி, குளிர்காற்றைக் கட்டிகட்டியாக உள்ளே இழுக்கின்றன. வேகம் கூடக் கூட இது நாசிலுக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது, சுடர் சீக்கிரம் ஆறிக் குட்டையாகிறது. 10 செ.மீ. தள்ளிப் பார்த்தால் சுடரில் பெரும்பகுதி வெளிக்காற்றுதான். அலுமினா ஏற்கெனவே ஆக்சைடு, அதனால் தப்பித்தீர்கள். நிக்கல்-குரோமியமாக இருந்தால் ஆக்சிஜன் அதையும் கெடுத்திருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஆர்கானைப் பவுடர் கம்பெனி கொடுத்த அட்டவணையில் உள்ள அளவுக்கே கொண்டுவாருங்கள். சூடு போதவில்லை என்றால், அந்த அட்டவணை அனுமதிக்கும் வரை ஆர்கானோடு கலக்கும் ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அப்புறம் பவுடரைத் தள்ளும் கேரியர் வாயுவையும் பாருங்கள்: குறைந்தால் துகள் சுடரின் மேல்தோலிலேயே நழுவிப் போகும், கூடினால் குறுக்கே பாய்ந்து மறுபக்கம் வெளியேறும். ஹைட்ரஜனையும் கேரியர் வாயுவையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள். நாசிலுக்குள் லைட் அடித்தும் பாருங்கள். ஒரே இடத்தில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் எந்த அளவு வைத்தாலும் வோல்டேஜ் நிலையாக நிற்காது, நாசிலையே மாற்றிவிடுங்கள்.