வேத வாசிப்பையும் வசன மனப்பாடத்தையும் வாழ்நாள் பழக்கமாக்குவது எப்படி?

ஒவ்வொரு ஜனவரியிலும் தொடங்கும் வேத (பைபிள்) வாசிப்பு சில வாரங்களில் நின்றுபோகிறது, மனப்பாடம் செய்த வசனங்களும் மறந்துவிடுகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகள் இதே நிலையில் இருந்தவன் என்பதால் என் அனுபவத்திலிருந்தே பதில் எழுதுகிறேன்.

சிறுவயதில் ஞாயிறு பள்ளிப் போட்டிக்காக ஒரே வாரத்தில் முப்பது வசனங்களை மனப்பாடம் செய்து பரிசு வாங்கினேன். அவற்றில் ஒன்றுகூட இன்று முழுமையாக நினைவில் இல்லை. ஆனால் வீட்டில் இரவு ஜெபத்தின்போது அம்மா நாள் தவறாமல் சொல்லவைத்த 121ஆம் சங்கீதம், யாரும் பரிசு கொடுக்காமலேயே, என்னுள் தங்கிவிட்டது. அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில், வெளியே வராந்தாவில் கையில் புத்தகமில்லாமல் உட்கார்ந்திருந்த இரவுகளில், “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்” என்பதில் தொடங்கி எட்டு வசனங்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். வசனத்தை மனதில் நிலைநிறுத்துவது வேகமோ ஞாபகசக்தியோ அல்ல, திரும்பச் சொல்வதே என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆகவே இப்போது புதிய வசனங்களைவிடப் பழையவற்றுக்கே அதிக நேரம் கொடுக்கிறேன். புதிய வசனத்தை ஒரு வாரம் தினமும், பிறகு சில மாதங்கள் வாரம் ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை என்று சொல்லிப்பார்க்கிறேன். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. முதலாம் சங்கீதம் “இரவும் பகலும்” வேதத்தில் தியானமாயிருப்பவனைப் பற்றிப் பேசுகிறது. அங்கே தியானம் என்பதற்கு மூலத்தில் உள்ள எபிரெயச் சொல் தாழ்ந்த குரலில் முணுமுணுப்பதைக் குறிக்கும். இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் ஏசாயா அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்.

தனித்தனி வசனங்களைப் பொறுக்கி எடுப்பதைவிட ஒரு முழுப் பகுதியை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. முந்தைய வசனமே அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும், பொருளும் சிதையாது. பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தில் 104 வசனங்கள்தான் உள்ளன. வாரம் இரண்டு வசனம் என்றால் சரியாக ஓராண்டில் முழு நிருபமும் உங்களுடையதாகிவிடும். மொழிபெயர்ப்பு எதுவானாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்” என்று பழைய திருப்புதலிலும் “ஆண்டவரே என் ஆயர்” என்று திருவிவிலியத்திலும் மாறிமாறிப் படித்தால், சொல்லும்போது நாக்கு தடுமாறும்.

வாசிப்பைப் பொறுத்தவரை, மொத்தமுள்ள 1189 அதிகாரங்களை நாளுக்கு மூன்று, நான்காகப் பிரித்தால் ஓராண்டில் முடியும் என்ற கணக்கு சரிதான். ஆனால் ஆதியாகமத்தை ஆவலோடு கடந்துவிடும் நாம், ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளும் லேவியராகமத்தின் பலிமுறைகளும் வரும்போது தளர்ந்து, இரண்டு நாள் விட்டு, விட்டதையெல்லாம் சேர்த்து வாசிக்க முயன்று, அதுவும் முடியாமல் குற்றவுணர்வோடு நிறுத்திவிடுகிறோம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின், இன்றும் பலர் பின்பற்றும் ஓராண்டு வாசிப்புத் திட்டத்தை 1842இன் இறுதியில் தம் சபைக்கு அளித்தபோதே அதன் ஆபத்துகளையும் எழுதிவைத்தார்: வெறும் சடங்காகிவிடுதல், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி, கவனமற்ற வாசிப்பு, சுமக்க முடியாத நுகமாகிவிடுதல். திட்டத்தை உருவாக்கியவரே இவ்வளவு எச்சரித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எனவே நான் ஒரு நாளுக்கு ஒரே அதிகாரம், விடியற்காலையில், கைப்பேசியைத் தொடுவதற்கு முன் வாசிக்கிறேன். ஒரு சுற்று முடிய மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும், ஆகட்டும். வாசித்ததில் புரியாத ஒன்றையும் என்னைத் தொட்ட ஒன்றையும் நோட்டில் எழுதுகிறேன். காய்ச்சலோ பயணமோ வந்து நான்கு நாள் விட்டுப்போனால், அந்த நான்கு அதிகாரங்களைத் துரத்துவதில்லை. நிறுத்திய இடத்தைத் திறந்து, அன்றைக்குரிய ஒரு அதிகாரத்தை மட்டும் வாசிக்கிறேன்.