லேத் பட்டறையை மூடச் சொல்லி வாயால் உத்தரவிட முடியுமா?

கேள்வி: உரிமம் பெற்று லேத் பட்டறை நடத்துகிறேன். எங்கள் தெருவிலுள்ள எல்லாப் பட்டறைகளையும் மறு உத்தரவு வரை மூடும்படி அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. தொழில் செய்வது அடிப்படை உரிமை என்றும், உயர் நீதிமன்றத்தில் உடனே தடையாணை வாங்கித் தருவதாகவும் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தடையாணைக்கு முன்கூட்டியே உத்தரவாதம் தர எந்த வழக்கறிஞராலும் முடியாது. இடைத்தரகர் எப்படித் தருவார்? இவர்கள் தெருவுக்கே ஒரே மனுவைத் தட்டச்சு செய்து, வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரமான வக்காலத்தை வெற்றாக நீட்டி அதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். உங்கள் உரிமத்தின் நகல்கூட அதில் இணைக்கப்பட்டிருக்காது. எந்த வழக்கறிஞர் வாதாடுகிறார் என்பதே தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். வழக்கறிஞரை நேரில் பார்த்துப் பேசாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு குடிமக்களுக்குத் தொழில் செய்யும் உரிமையைத் தருவது உண்மை. பொதுநலனுக்காக அதன்மீது நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19(6) இடமளிக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தின் வழியாகத்தான் வர வேண்டும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன காரணம் என்று அதிகாரி எழுத்தில் சொல்லியாக வேண்டும். எழுதிக் கொடுத்தால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேரும் என்பதாலேயே, ‘மேலிடத்து உத்தரவு’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அரசமைப்புச் சட்டம் வந்து 75 ஆண்டுகள் கடந்த பின்னும் இந்த வழக்கம் ஒழியாதது வெட்கக்கேடு.

சட்டத்தின் துணை இருந்தாலும் கட்டுப்பாடு அளவு மீறக் கூடாது. விவசாய வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சில கிராமங்களில் பயிர்ப் பருவத்தில் யாருமே பீடி சுற்றக் கூடாது என்று தடை போட்டார்கள். வயல் வேலை செய்ய இயலாத முதியவர்களின் பிழைப்பும் அதில் போயிற்று. தேவைக்கு மேல் போன கட்டுப்பாடு என்று 1950இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. தெரு முழுவதையும் ஒட்டுமொத்தமாக மூடச் சொல்வதை எதிர்க்க உங்களுக்கு உதவும் தீர்ப்பு இது.

பட்டறை யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே உரியது. பதிவுசெய்யப்பட்ட கம்பெனி குடிமகன் ஆகாது என்று 1963லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், அதன் பெயரில் மட்டும் மனு போடாதீர்கள். இந்தியக் குடிமகனான பங்குதாரர் ஒருவரும் மனுதாரராகச் சேர வேண்டும். கூட்டு வியாபாரமாக இருந்தால் கூட்டாளிகள் தங்கள் பெயரிலேயே போடலாம். உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. சமத்துவம் பேசும் 14ஆம் பிரிவைக் கம்பெனியும் நாடலாம். தரகர்கள் தயாரிக்கும் மனுக்களில் அடிக்கடி கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

இப்போது செய்ய வேண்டியது: எந்தச் சட்டத்தின்கீழ் மூடச் சொல்கிறீர்கள், உத்தரவின் நகலைத் தாருங்கள் என்று அந்த அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். சீல் வைத்துவிட்டால் நீங்களாக உடைக்க வேண்டாம். அது தனிக் குற்ற வழக்காகிவிடும். எழுத்தில் உத்தரவு வந்தால், அதில் மேல்முறையீட்டுக்குக் கெடு குறித்திருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள். பதிலே வராமல் அதிகாரிகள் மறுபடி வந்து தடுத்தால், அந்த ஒப்புகையோடும் உரிமத்தோடும் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.