தபால்தலை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பென்னி பிளாக் ஒன்று கிடைத்திருக்கிறது. 1840இல் பிரிட்டன் வெளியிட்ட உலகின் முதல் தபால்தலை ஆயிற்றே, கோடிக்கணக்கில் போகுமா?

பதில்: போகாது. சுமார் 6.8 கோடி அச்சிட்டார்கள். கிழித்தெடுக்க ஓரத்தில் துளை போடாத காலம், கத்தரியால்தான் வெட்டினார்கள். நாலு ஓரமும் பிழைத்திருந்தால் விலை கூடும். உறையோடு இருந்தால் உரிக்காதீர்கள்.

கேள்வி: அதில் ஏன் ராணி முகம்? நாட்டின் பெயரையும் காணோமே?

பதில்: நல்ல கேள்வி. ராஜ விசுவாசத்தைவிடப் பெரிய காரணம், கள்ளத் தபால்தலை பயம். பூவேலைப்பாட்டில் ஓர் இதழ் மாறினால் யாருக்கும் தெரியாது. பழகிய முகத்தில் மூக்கு இம்மி நகர்ந்தாலும் கண்ணை உறுத்தும். வில்லியம் வையன் செய்த பதக்கத்தில் இருந்த விக்டோரியாவின் முகத்தை ஹென்றி கார்போல்ட் வரைந்தார். சார்லஸ் ஹீத்தும் மகன் ஃபிரெடரிக்கும் எஃகில் செதுக்கினார்கள். பின்னணியின் மெல்லிய கோட்டுப் பின்னல் இயந்திர வேலை, கையால் நகலெடுக்க வராது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் கிரீட நீர்க்குறி தாளுக்குள் வேறு. கீழ் மூலைகளில் உள்ள எழுத்து ஜோடி ஒரு முழுத் தாளின் 240 தபால்தலைகளுக்கும் வெவ்வேறு. ஒரே ஜோடி கட்டுக்கட்டாக வந்தால் போலி என்று பிடித்துவிடலாம். 240 ஏன் என்றால், அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. வரிசைக்கு 12, அது ஒரு ஷில்லிங். எண்ணத் தெரியாத குமாஸ்தாவும் தப்பு செய்ய முடியாது!

நாட்டின் பெயரா? வேறு எந்த நாடும் அப்போது தபால்தலை வெளியிடவில்லையே. பிரிட்டன் இன்றும் போடுவதில்லை.

கேள்வி: கறுப்பு ஏன் மறு வருடமே சிவப்பாயிற்று?

பதில்: பயன்படுத்தியாயிற்று என்று தபால்காரர்கள் குத்திய சிவப்பு மை முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டினார்கள். 1841இல் தலை சிவப்பு, முத்திரை கறுப்பு என்று மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: என்னிடம் பழைய தபால்தலைகள் இருக்கின்றன. என்ன விலை?

பதில்: எந்த நாடு, எந்த வருடம், எதுவும் சொல்லவில்லை. அடுத்தவர்.

கேள்வி: தண்ணீரில் ஊறவைத்தேன், நிறம் ஓடிவிட்டது. போலியா?

பதில்: உரிக்காதீர்கள் என்று இப்போதுதானே சொன்னேன்? 1880களின் பிரிட்டிஷ் ஊதா, பச்சைத் தலைகளை நிறம் ஓடும் மையால் வேண்டுமென்றே அச்சிட்டார்கள், கழுவுகிறவனைப் பிடிக்க. பிடிபட்டது நீங்கள்.

கேள்வி: தபால்தலையைக் கண்டுபிடித்தவர் ரோலண்ட் ஹில் இல்லை, ஸ்காட்லாந்தின் டண்டி ஊர்க்காரர் ஜேம்ஸ் சால்மர்ஸ் என்கிறார்களே?

பதில்: வந்துவிட்டதா! பின்பக்கம் பசை தடவிய சிறு காகிதத் துண்டைப் பற்றி ஹில் 1837 பிப்ரவரியிலேயே தபால் துறை பற்றிய விசாரணைக் குழுவிடம் சொன்னார். சால்மர்ஸின் ஆவணத்தில் உள்ள தேதி 1838 பிப்ரவரி.

கேள்வி (அதே நண்பர்): 1834இலேயே செய்துவிட்டார் என்று அவர் மகன் எழுதியிருக்கிறாரே?

பதில்: எழுதினார், பல பத்தாண்டுகள் கழித்து. அந்த வருடத்துத் துண்டுக் காகிதம் ஒன்றைக் காட்டுங்கள், கட்சி மாறுகிறேன்.

கேள்வி: ஹில் திருடிவிட்டார் என்பதே என் கட்சியும்.

பதில்: கட்சி சேர்ப்பதால் தேதி மாறாது. ஹில்லின் பெரிய வேலை ஒட்டும் காகிதமே இல்லை. பெறுபவர் காசு கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டும்படி, தூரம் பார்க்காமல் எடைக்கு ஒரே கட்டணம் கொண்டுவந்தார். சால்மர்ஸ் நல்ல அச்சுக்காரர். தபால்தலை எப்படி இருக்க வேண்டும் என்று 1839இல் அரசு நடத்திய போட்டிக்கு வந்தவை சுமார் 2,600 யோசனைகள். எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. இந்தச் சண்டைக்கு இனி பதில் கிடையாது. துளையிடும் இயந்திரம் செய்த ஹென்றி ஆர்ச்சரைப் பற்றி யாராவது கேளுங்களேன்.