ஒரு லிட்டர் பெட்ரோலும் ஒரு கிரயப் பத்திரமும்

அன்புள்ள ஐயா,

மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். தமிழ்நாடு ஒன்றிய அரசுக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் 29 காசுதான் திரும்பி வருகிறது என்று வாட்ஸப்பில் சுற்றும் படத்தை வகுப்பில் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, “மகாராஷ்டிராவுக்கு நம்மைவிடவும் குறைவாகத்தானே சார் வருகிறது?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இலவசங்களை நிறுத்தினாலே மாநிலக் கடன் அடைந்துவிடும் என்கிறார் சக ஆசிரியர். பட்ஜெட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

அந்த மாணவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இந்த வயதில் இப்படிக் கேட்கிற பிள்ளை கிடைத்தது உங்கள் பேறு.

உங்கள்மேல்தான் எனக்கு வருத்தம். ஒரு விகிதத்தைக் கண்டால் மேலே என்ன, கீழே என்ன என்று கேட்பதல்லவா உங்கள் பாடத்தின் முதல் படி? இந்தக் கணக்கில் கீழே நிற்பது தமிழ்நாட்டுக்குள் வசூலான வரி. கம்பெனிகளின் வருமான வரியோ தலைமையகம் இருக்கும் ஊரின் கணக்கில் ஏறும். தேனியில் விற்ற சோப்பின் லாபத்துக்கு மும்பையில் வரி கட்டுவார்கள். சென்னைக் கம்பெனி பஞ்சாபில் விற்ற டிராக்டரின் லாபத்துக்கு இங்கே கட்டுவார்கள். மகாராஷ்டிரக் கணக்கு அப்படித் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். வசூலான இடமும் வரியைச் சுமந்த இடமும் வேறு வேறு என்று அவளிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள்.

ஒன்றிய அரசு மாநிலங்களோடு பகிரும் வரியில் நம் பங்கு குறைந்தது உண்மை. யாருக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 13ஆம் நிதிக்குழுவில் 4.969 சதவீதமாக இருந்த நம் பங்கு 14ஆம் குழுவில் 4.023 ஆனது, 15ஆம் குழுவில் 4.079. பணக்கார மாநிலங்களைவிட ஒரு மாநிலத்தின் தனிநபர் வருமானம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற இடைவெளிக்கு 15ஆம் குழு 45 சதவீத எடை கொடுத்தது. அதனால் வளர்ந்த மாநிலத்துக்குக் குறையும். அதற்காகப் பீகார்க்காரரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போகத்தான் வேண்டும். கோபப்பட வேண்டிய இடம் வேறு. அதை யாரும் படம் போட்டு அனுப்புவதில்லை.

அரசியல் சட்டத்தின் 270ஆம் பிரிவுப்படி செஸ்ஸும் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் வரி) சர்சார்ஜும் (வரியின்மேல் போடும் கூடுதல் வரி) மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. ஒரே தொகையை எந்தத் தலைப்பில் வசூலிக்கிறார்கள் என்பதை வைத்தே அது யாருக்குப் போகும் என்பது முடிவாகிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் ஒன்றியக் கலால் வரி லிட்டருக்கு 19 ரூபாய் 48 காசு. அதில் பகிரத்தக்க அடிப்படைக் கலால் 6.48. பிப்ரவரி பட்ஜெட்டில் அதை 4.48 ஆக்கினார்கள். கூடவே, பகிரப்படாத 6 ரூபாய்ச் சாலை வரியை எடுத்துவிட்டு, 8 ரூபாய்க்குச் சாலை, உள்கட்டமைப்பு செஸ் போட்டார்கள். மொத்தம் அதே 19.48. பங்க்கில் விலை ஒரு காசு மாறவில்லை. பகிர வேண்டிய பணத்திலிருந்து மட்டும் லிட்டருக்கு 2 ரூபாய் வெளியேறிவிட்டது.

2021 பட்ஜெட்டில் திரும்பவும் அதே வேலை. 2 ரூபாய் 50 காசுக்கு விவசாய உள்கட்டமைப்பு செஸ் வந்தது. அதற்குள் 2.98 ஆகியிருந்த அடிப்படைக் கலால் 1.40 ஆனது. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு மொத்த வரி 19.90 ஆனது. அதில் பகிரத்தக்கது அந்த 1.40 மட்டும். பகிராத மீதி, 11 ரூபாய் சிறப்புக் கூடுதல் கலால், 5 ரூபாய் சாலை செஸ், 2.50 விவசாய செஸ்.

இனிப் பெருக்கிப் பாருங்கள். 2018 ஜனவரியில் 6.48இல் மாநிலங்களுக்கு 42 சதவீதம், அதில் நமக்கு 4.023. நாட்டில் எங்கே ஒரு லிட்டர் விற்றாலும் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ 11 காசு. பிப்ரவரியில் 7.6 காசு. 2022இல் 1.40இல் 41 சதவீதம், அதில் 4.079; வருவது 2.3 காசு. மொத்த வரி கிட்டத்தட்ட அதேதான். நம் பங்குச் சதவீதம்கூட ஒரு துளி ஏறியிருக்கிறது. கையில் வருவதோ ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சாலை செஸ்ஸில் ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்கு வருகிறதே என்பார்கள். வருகிறது, வேலையாக. எதற்குச் செலவழிப்பது என்று மாநிலம் தானே முடிவு செய்யும் பணமாக அல்ல.

இது பெட்ரோலோடு நிற்கவில்லை. 2024–25க்கான ஒன்றிய பட்ஜெட்டில் மொத்த வரி வருவாய் மதிப்பீடு 38.40 லட்சம் கோடி, மாநிலங்களுக்கான பகிர்வு 12.47 லட்சம் கோடி. வகுத்தால் 32 சதவீதம் சொச்சம். 41 எங்கே, 32 எங்கே? வசூல் செலவும் ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸும் இதில் கொஞ்சம் பிடிக்கும். மீதி இடைவெளி மற்ற செஸ், சர்சார்ஜுகளால் வந்தது. 29 காசுப் படத்தை அழித்துவிட்டு இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

இலவசம் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் அதிகம் நிற்க வேண்டாம். ஒரு திட்டத்தை நிறுத்தினால் அந்த ஆண்டின் பற்றாக்குறை குறையும். கடன் என்பது பல ஆண்டுப் பற்றாக்குறைகளின் குவியல். மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையைக் குறை சொல்பவர் ஓய்வூதியத்தையும் வட்டியையும் அதே மூச்சில் பேசட்டும்.

நான் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. டெல்லி செய்ததை நம் கோட்டையும் செய்தது. 2017 ஜூனில் நிலத்தின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பை, 33 சதவீதம் குறைத்தார்கள். பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். மக்களுக்குச் சலுகை என்றார்கள். கிரயப் பத்திரத்துக்கு நாம் கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 5 மாநில அரசுக்கு, 2 ஊராட்சி, நகராட்சிகளுக்கு. பதிவுக் கட்டணம் முழுக்க அரசுக்கு.

பத்து லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள மனை, அதே மதிப்புக்குப் பதிகிறார்கள் என்று வையுங்கள். முன்பு அரசுக்கு 60,000, உள்ளாட்சிக்கு 20,000. குறைத்த பிறகு மதிப்பு 6.70 லட்சம். அரசுக்கு 33,500 தீர்வையும் 26,800 பதிவுக் கட்டணமும், ஆக 60,300. உள்ளாட்சிக்கு 13,400. வாங்கியவருக்கு 6,300 ரூபாய் மிச்சம். அதையும், அரசுக்குக் கூடிய 300 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தது அந்த ஊரின் தெருவிளக்கும் குடிநீரும். 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பி, பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது. உள்ளாட்சிக்கு மறுபடி 20,000. இடையில் போன ஆறு ஆண்டுகளுக்கு எந்தக் கட்சி மேடையிலாவது கேள்வி எழுந்ததா? மாநில உரிமை பேசுகிற நமக்கு ஊராட்சியின் உரிமை மட்டும் ஏன் சின்னதாகத் தெரிகிறது?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பட்ஜெட் உரையில் தொடங்காதீர்கள். நிதித்துறை வெளியிடும் வரவு அட்டவணையை எடுங்கள். வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என்று பத்திகள் இருக்கும். கணக்குப் பத்தியை முதலில் படியுங்கள். உண்மையில் வந்த பணம் அதில்தான் இருக்கும், இரண்டு ஆண்டு பழையதாக. அதே ஆண்டுக்கு முன்பு போட்ட மதிப்பீட்டைப் பக்கத்தில் எழுதி வித்தியாசத்தைக் குறியுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் ஒரே வரியில் சேர்ந்திருந்தால் உட்தலைப்பு வரை இறங்குங்கள். அங்கேதான் பிரிவது தெரியும்.

வகுப்புக்கு வேலை வேண்டுமென்றால், 2017 ஜூனுக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையில் பதிந்த கிரயப் பத்திரத்தின் நகலை வீட்டில் கேட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். முத்திரைத் தீர்வையை 7ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் அவர்கள் ஊருக்குச் சேர்ந்த தொகை வரும். வழிகாட்டி மதிப்புக்கே பதிந்த பத்திரமாக இருந்தால், அந்தத் தொகையை 0.67ஆல் வகுத்து, பழைய மதிப்பில் எவ்வளவு வந்திருக்கும் என்று பக்கத்தில் எழுதட்டும்.