பித்தளை, பல்சக்கரம், டிக் டிக்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒரு பழைய ரஷ்ய பாக்கெட் வாட்ச் மெஷினை பித்தளைக் கேஸ்ல போட்டு கையில கட்டுற மாதிரி செஞ்சதைப் பத்தி எழுதியிருந்தேன்ல, அதைப் படிச்சுட்டு வந்த கேள்விங்கதான் இந்தத் தடவை முழுக்க. நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால சிலதை சேர்த்துட்டேன்.

சார், ஸ்டீம்பங்க் வாட்ச்னு ஆன்லைன்ல 700 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கினேன். டயல் முழுக்க பல்சக்கரமா இருக்கு, ஆனா ஒண்ணுகூட சுத்தல. ஏமாந்துட்டேனா?
- இன்ஜினியரிங் மாணவர், கோவை

அழகுக்குன்னு வாங்கியிருந்தா ஏமாத்தம் ஒண்ணும் இல்ல தம்பி. உள்ள சாதாரண பேட்டரி மெஷின் இருக்கும், மேல சக்கரத்தை பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. ஆனா நீங்க "ஏன் சுத்தல"ன்னு கேட்டீங்க பாருங்க, அந்தக் கேள்வி வந்துட்டாலே நீங்க இந்த ஆசைக்குள்ள வந்துட்டீங்கன்னு அர்த்தம்.

ஸ்டீம்பங்க்னா நீராவி இன்ஜின் காலத்துப் பித்தளை, செம்பு, தோல், ரிவெட் இதையெல்லாம் வச்சே எல்லா மெஷினும் வளர்ந்திருந்தா உலகம் எப்படி இருந்திருக்கும்ங்கிற ஒரு கற்பனை. 1987ல கே. டபிள்யூ. ஜெட்டர்ங்கிற அமெரிக்க எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு எழுதின கடிதத்துலதான் இந்த வார்த்தையே வந்துச்சு, முதல்ல கதைங்களுக்கு மட்டும் இருந்த பேரு அப்புறம் உடை, நகை, வாட்ச்னு பரவி, 2009ல ஆக்ஸ்ஃபோர்டுல அறிவியல் வரலாற்று மியூசியத்துலயே இதுக்குன்னு ஒரு கண்காட்சி வைக்கிற அளவுக்குப் போச்சு. வாட்ச்ல இந்த அழகோட உச்சம் எதுன்னு கேட்டா நான் சுவிட்சர்லாந்துல வேலை செய்யற வியானே ஹால்டர் 1998ல செஞ்ச ஆன்டிகுவாவைத்தான் சொல்லுவேன். கப்பல் ஜன்னல் மாதிரி நாலு வட்டம், வட்டத்தைச் சுத்தி ரிவெட், ஒண்ணுல மணியும் நிமிஷமும், மத்ததுல கிழமை, தேதி, மாசம். பார்க்க விளையாட்டுப் பொருள் மாதிரி இருக்கும், ஆனா உள்ள லீப் வருஷத்தைக்கூட தானா கணக்கு வச்சுக்கிற மெஷின். இன்னொருத்தர் ஜப்பான்ல ஹருவோ சுவேகிச்சி, பித்தளையும் தோலும் வச்சு ஒவ்வொரு வாட்ச்சையும் கையாலயே செய்யறவர், அவரோட வாட்ச் ஒண்ணொண்ணும் ஒரு சின்ன கருவி மாதிரி இருக்கும்.

நான் பார்க்கிற அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான். வெளிய தெரியற சக்கரம் பக்கத்து சக்கரத்தோட பல்லு கோர்த்து நிக்குதா? கோர்த்திருந்தா அது வாட்ச். இல்லன்னா அது சக்கரம் ஒட்டின டயல், அவ்வளவுதான். அடுத்த தடவை சாவி கொடுக்கிற வாட்ச்சா பார்த்து வாங்குங்க.

எங்க தாத்தா ரயில்வேல இருந்தவர். அவரோட வெள்ளிக் கேஸ் பாக்கெட் வாட்ச் என்கிட்ட இருக்கு, இன்னும் ஓடுது. என் பையன் அதுக்கு ரெண்டு பக்கமும் கொக்கி பத்த வச்சு, டயலைக் கழட்டி எறிஞ்சுட்டு ஸ்டீம்பங்க் வாட்ச் ஆக்கறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். விடலாமா?
- வாசகி, கும்பகோணம்

விடாதீங்கம்மா. இந்தக் கடிதத்தைப் படிச்சதும் எனக்கு மனசே ஆடிப்போச்சு. ஓடற வாட்ச்சை வெட்டக் கூடாது, அதுவும் ஒருத்தர் சட்டைப் பையில வருஷக்கணக்கா கூடவே இருந்ததை வெட்டவே கூடாது.

காரணத்தையும் சொல்லிடறேன், பையனும் படிக்கட்டும். அந்தக் காலத்து பாக்கெட் வாட்ச்ல பெரும்பாலும் அதிர்ச்சி தாங்கற அமைப்பு கிடையாது. முன்னும் பின்னும் ஆடி நேரத்தைப் பிரிக்கிற பேலன்ஸ் வீலோட அச்சு நுனி தலைமுடி மாதிரி மெல்லிசா இருக்கும், பையில இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, கையில கட்டிக்கிட்டு ஒரு கதவுல இடிச்சா போதும், நுனி ஒடிஞ்சுரும், அதுக்கு மாத்து கிடைக்கிறது லேசுல இல்ல. அப்புறம் அந்த வெள்ளை டயல், அது பெயின்ட்டா இல்லாம செம்புத் தகட்டு மேல எனாமல் சுட்டதா இருந்தா பீங்கான் மாதிரி, கழட்டறப்போ கொஞ்சம் வளைஞ்சாலே கீறல் விட்டுரும். கேஸ்ல கொக்கி பத்த வைக்கிற சூடு வெள்ளியோட நிறத்தையும் வேலைப்பாட்டையும் கெடுத்துரும்.

ரயில்வேகாரங்களுக்கு வாட்ச்னா என்னன்னும் பையன்கிட்ட சொல்லுங்க. 1891ல அமெரிக்காவுல ஒஹையோ மாகாணத்துல கிப்டன்ங்கிற ஊர்ல ரெண்டு ரயில் மோதிக்கிச்சு, ஒரு டிரைவரோட வாட்ச் நாலு நிமிஷம் நின்னுட்டு மறுபடி ஓடியிருக்கு, அதுதான் காரணம்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் வெப் பால்ங்கிற நகைக்கடைக்காரரை வச்சு ரயில்வே வாட்ச்சுக்குன்னு கண்டிப்பான விதி கொண்டு வந்தாங்க, குறைஞ்சது 17 கல் (அச்சு தேயாம தாங்கற சின்ன சின்ன கல்லு), அஞ்சு நிலையில வச்சு சரி பார்த்திருக்கணும், வாரத்துக்கு 30 செகண்டுக்கு மேல தப்பக் கூடாதுன்னு. அது அந்த நாட்டு விதிதான், ஆனா எந்த ஊர் ரயில்வேயா இருந்தாலும் வாட்ச்சை நம்பித்தான் உயிர் ஓடிச்சு.

பையனோட ஆசையையும் ஒடிக்க வேண்டாம். 1899ல தென்னாப்பிரிக்காவுல தொடங்கின போயர் போர்ல சிப்பாய்ங்க என்ன பண்ணாங்கன்னா, தோல்ல ஒரு கிண்ணம் மாதிரி தைச்சு, அதுக்கு பட்டை வச்சு, பாக்கெட் வாட்ச்சை அப்படியே அதுக்குள்ள அமுக்கி கையில கட்டிக்கிட்டாங்க. அதே மாதிரி கெட்டித் தோல்ல பித்தளை ரிவெட் அடிச்சு செய்யச் சொல்லுங்க, பார்க்க அசல் ஸ்டீம்பங்க்கா இருக்கும், விசேஷத்துக்கு கட்டிக்கலாம், வீட்டுக்கு வந்ததும் வாட்ச்சை உருவி எடுத்துரலாம். தாத்தா வாட்ச்ல ஒரு கீறல்கூட விழாது. திரும்ப எடுக்க முடியற மாதிரி எதை வேணா செய்யலாம், திரும்ப எடுக்க முடியாததை குடும்ப வாட்ச்ல செய்யாதீங்க.

அப்போ எதை வச்சு ஆரம்பிக்கிறது? முதல் தடவை நானே ஒரு வாட்ச் கட்டணும்னு ஆசை.
- வங்கி ஊழியர், சென்னை. இதே கேள்வியை இன்னும் ஆறு பேர்

யூனிடாஸ்ங்கிற சுவிஸ் மெஷின்ல 6497 இல்லன்னா 6498. கண்ணை மூடிக்கிட்டு சொல்றேன். 36.6 மில்லி அகலம், 17 கல், பாக்கெட் வாட்ச்சுக்குன்னே பொறந்த மெஷின், சக்கரமெல்லாம் பெருசு பெருசா இருக்கும், ஐ கிளாஸ், அதான் கண்ணுல வைக்கிற பூதக்கண்ணாடி, மாட்டினா ஒவ்வொரு பல்லையும் எண்ணலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் சின்ன செகண்ட் முள்ளு எங்க இருக்குங்கிறதுதான், கையில கட்டினா 6497ல ஒன்பது மணி பக்கமா இருக்கும், 6498ல ஆறு மணி பக்கமா. சுவிஸ் மெஷின் விலை எட்டாதுன்னா இதே அமைப்புல சீனாவோட சீகல் கம்பெனி எஸ்டி 36ன்னு செய்யுது, கத்துக்க அது போதும். அதிர்ச்சி தாங்கற அமைப்பும் இருக்கு, அதனால கையில கட்ட பயப்பட வேண்டாம்.

கொஞ்சம் பழசா, கதை இருக்கிற மாதிரி வேணும்னா ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க்ல செஞ்ச மோல்னியா 3602. அதுவும் பெரிய மெஷின், 18 கல், செகண்டுக்கு அஞ்சு தடவை அடிக்கிற அந்த சத்தம் ராத்திரி தலைமாட்டுல வச்சா தெளிவா கேக்கும். நான் போன மாசம் எழுதினது இதைத்தான்.

கேஸ் இல்லாம வெறும் மெஷினா விக்கிற பழைய அமெரிக்க எல்ஜின், வால்தம் இதெல்லாம் கண்ணுல பட்டா அதையும் பாருங்க. தங்கக் கேஸை உருக்க எடுத்துக்கிட்டு மெஷினை மட்டும் விட்டுட்டாங்க, அப்படி அனாதையா நிக்கிறது நிறைய. அதுக்கு ஒரு புது வீடு கட்டிக் கொடுக்கிறதுதான் இந்த வேலையிலயே எனக்குப் பிடிச்சது.

எச்எம்டியை வெட்டாதீங்க. 1961ல ஜப்பான் சிட்டிசனோட சேர்ந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது, 2016ல மூடறதுன்னு அரசாங்கம் முடிவு பண்ணிருச்சு, அந்தக் காலத்து ஜனதா மாடலெல்லாம் திரும்ப வராது. நிறைய இருக்குன்னு நினைச்சு ஆளாளுக்கு ஒண்ணை உடைச்சா பத்து வருஷத்துல தேட வேண்டி வரும்.

ஒரு முக்கியமான விஷயம், மெஷினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்ல இருக்கிற முறுக்கை இறக்கிரணும். சாவிக் குமிழை விரலால கெட்டியா புடிச்சுக்கிட்டு ஸ்பிரிங் பின்னாடி சுத்தாம தடுக்கிற கிளிக்கை லேசா தள்ளி, குமிழ் விரலுக்குள்ள மெதுவா பின்னாடி சுத்தி வர்ற மாதிரி விடணும். நான் முதன்முதலா பிரிச்சப்போ இது தெரியாம நேரா சக்கரங்களை மேல இருந்து புடிச்சிருக்கிற பாலத்தோட ஸ்க்ரூவைக் கழட்டிட்டேன், சர்ர்ருன்னு ஒரு சத்தம், ரெண்டு சக்கரத்துல பல்லு போச்சு. நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷின். அந்த சத்தம் இன்னும் எனக்கு மறக்கல.

நீல நிற ஸ்க்ரூ, பழசான மாதிரி கருத்த பித்தளை, இதெல்லாம் வீட்டுலயே செய்ய முடியுமா?
- வாசகர், சிவகாசி

முடியும், ரெண்டும் வேற வேற வேலை.

நீலம் பெயின்ட் இல்லைங்க, சூடு. இரும்பு ஸ்க்ரூவோட தலையை முகம் தெரியற அளவுக்கு பாலிஷ் பண்ணி, எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாம சுத்தம் பண்ணி, அப்புறம் விரலே படக் கூடாது, ரேகை பட்ட இடம் திட்டா நின்னுரும். ஒரு சின்ன தட்டுல பித்தளைத் தூள் பரப்பி அதுல ஸ்க்ரூவை நட்டு கீழ ஸ்பிரிட் விளக்கு காட்டுங்க, தூள் எதுக்குன்னா சூடு எல்லாப் பக்கமும் சமமா ஏறணும். முதல்ல வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, ஊதா, 300 டிகிரி செல்சியஸ் பக்கத்துல வந்ததும் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் வரும் பாருங்க, அந்த நொடியே எடுத்துரணும், கொஞ்சம் அசந்தாலும் வெளிறிப் போயிரும். வெளிறினா கவலைப்படாதீங்க, மறுபடி பாலிஷ் போட்டு முதல்ல இருந்து செய்யலாம். நான் ஒரு ஸ்க்ரூவுக்கு ஏழு தடவை செஞ்சிருக்கேன்.

பித்தளைக்கு, புதுக் கேஸா இருந்தா மேல லாக்கர்னு ஒரு வார்னிஷ் பூசியிருப்பாங்க, அசிட்டோன்ல துடைச்சு எடுத்துட்டு, நம்ம வீட்டுல குத்துவிளக்கு விளக்கற மாதிரி புளி போட்டு தேச்சு கழுவி காய வைங்க. அப்புறம் ஒரு மூடி போட்ட ஜாடியில அடியில கொஞ்சம் அம்மோனியா ஊத்தி, அதுல படாம கேஸை மட்டும் நூல் கட்டி தொங்க விட்டா ஆவி பட்டு கொஞ்சம் கொஞ்சமா கருக்கும். மொட்டை மாடியில செய்யுங்க, மூடின ரூம்ல வேண்டவே வேண்டாம், அந்த ஆவி மூச்சுக்கும் கண்ணுக்கும் ஆகாது. மெஷின் அந்த ஜாடி பக்கமே வரக் கூடாது.

கூடவே இன்னொண்ணு, பல்சக்கரத்தை புடிச்சுப் புடிச்சு விடற பாலட் இருக்கே, அதுல இருக்கிற சின்ன சிவப்புக் கல்லு ரெண்டும் அரக்கு வச்சு ஒட்டினது. ஆமா, நம்ம முத்திரை வைக்கிற அதே அரக்குதான். அதனால பாலட்டை சூடு காட்டக் கூடாது, ஸ்பிரிட்லயும் ஊற வைக்கக் கூடாது, அரக்கு கரைஞ்சு கல்லு கையோட வந்துரும்.

பழைய வாட்ச் ஒண்ணு, எண்ணெல்லாம் மஞ்சளா தடிப்பா இருக்கு, இருட்டுல மினுங்கறது நின்னு போச்சு. சுரண்டிட்டு புதுசா பூசலாமா?
- வாசகர், திருச்சி

சுரண்டாதீங்க. அது ரேடியமா இருக்கலாம். மினுங்கல் நின்னுட்டா ரேடியம் போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, கூட கலந்திருக்கிற பொடிதான் செத்திருக்கு, ரேடியம் பாதியா குறையவே 1600 வருஷம் ஆகும். அந்தத் தூள் மூச்சுலயோ வாயிலயோ போறதுதான் ஆபத்து, அமெரிக்காவுல டயலுக்கு ரேடியம் பூசின பொண்ணுங்க பிரஷ் நுனியை உதட்டுல வச்சு கூராக்கி கூராக்கியே நோய்வாய்ப்பட்டு செத்தாங்க. கண்ணாடியைத் திறக்காம அப்படியே வைங்க, உங்க ஸ்டீம்பங்க் வேலைக்கு வேற டயல் பாருங்க.

திருநெல்வேலியில எங்க வீட்டுல ஒரு வால்தம் பாக்கெட் வாட்ச் இருக்கு, 1910 வாக்குல வாங்கினதுன்னு அப்பா சொல்றார். அதை எனக்கு இங்க அனுப்பச் சொல்லலாமா? வருஷத்தை எப்படி உறுதி பண்றது?
- வாசகர், டொராண்டோ

முதல்ல வருஷம். பின் மூடியைத் திறந்தா ரெண்டு நம்பர் இருக்கும், ஒண்ணு கேஸ்ல, ஒண்ணு மெஷின்ல. மெஷின் மேல வெட்டியிருக்கிற நம்பரைத்தான் பார்க்கணும். வால்தம், எல்ஜின் மாதிரி அமெரிக்க கம்பெனிங்களோட நம்பர் பட்டியல் ஆன்லைன்ல இருக்கு, வருஷம் வந்துரும். கேஸ் நம்பரை வச்சு தேடிட்டு குழம்பிப் போறவங்கதான் அதிகம்.

ஆனா 100 வருஷத்துக்கு மேல ஆயிருச்சுன்னு உறுதியானா அனுப்பறதுல சட்டம் இருக்கு. 1972ம் வருஷ தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின பொருளை மத்திய அரசோ அது அனுமதிச்ச அமைப்போ தவிர வேற யாரும் நாட்டை விட்டு வெளிய அனுப்பக் கூடாது. பார்சல்ல போட்டா கஸ்டம்ஸ்ல மாட்டிக்கும், வாட்ச்சும் போயிரும். அப்பாகிட்டயே இருக்கட்டும், ஊருக்கு வர்றப்போ சாவி கொடுத்துப் பாருங்க.

நான் வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருந்தேன். கடையை மூடிட்டேன். செத்துப் போன மெஷின், ஒத்தச் சக்கரம், முள்ளுன்னு நாலு பிஸ்கட் டப்பா இருக்கு. மருமகள் எடைக்குப் போடலாம்ங்கிறா. இதெல்லாம் யாருக்காவது ஆகுமா?
- வாசகர், மதுரை

ஐயா, போட்டுராதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். மேல கோயம்புத்தூர் தம்பி சக்கரம் சுத்தலன்னு கேட்டிருக்கார், சென்னைக்காரர் எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டிருக்கார், அவங்க தேடறது உங்க டப்பாவுலதான் இருக்கு.

ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. மொத்தமா கொட்டி, முழுசா இருக்கிற மெஷினைத் தனியா எடுத்துருங்க, அதுல இருக்கிற பேலன்ஸ், பாலட், கிளிக் ஸ்பிரிங் எல்லாம் வேற ஒரு வாட்ச்சை உசுப்பி விடும், அதை அலங்காரத்துக்குக் கொடுக்காதீங்க. ஒடிஞ்சது, பல்லு போனது, துரு புடிச்சது, அதையெல்லாம் இன்னொரு டப்பாவுல போடுங்க, அதை வச்சு பசங்க மோதிரம், பதக்கம், டயல் என்ன வேணா செய்யட்டும், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எந்த மெஷின் எந்தக் கம்பெனின்னு உங்களுக்குத்தான் பார்த்ததும் தெரியும், ஒரு துண்டு பேப்பர்ல எழுதி உள்ள போட்டுருங்க. பத்திரிகை ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டா நானே மதுரை வந்து உங்க பக்கத்துல உக்காந்து பிரிச்சுத் தரேன். ஐ கிளாஸ் மட்டும் உங்களோடதைக் கொடுங்க, ஒரு நாளைக்கு.