கல்லும் முள்ளுமான நிலத்துக்கு எந்தச் செம்மறி?

கேள்வி: என் நிலம் முழுக்கச் சரிவு, கல், முள், முரட்டுப் புல்தான். சஃபோக் போன்ற பெரிய இனம் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெரிய உடம்புக்குத் தீனியும் அதிகம். சத்தில்லாத புல்லை மட்டும் மேய்ந்தால் தாயாடு மெலியும், பால் வற்றும், குட்டி தேறாது. குளிரும் மழையுமான சரிவுக்கு ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் பொருந்தும். நீண்ட முரட்டு ரோமத்தில் மழைநீர் வழிந்தோடிவிடும். வறண்ட நிலமென்றால் டார்ப்பர். ரோமம் பெரும்பாலும் தானே உதிர்வதால் முள்ளில் சிக்கும் தொல்லை குறைவு.

இனத்தைவிட, ஆடு வளர்ந்த இடம்தான் முக்கியம் என்பேன். செழும்புல்லில் வளர்ந்தது இங்கே வந்ததும் திணறும். வாங்குமுன் பல், குளம்பு, மடி பாருங்கள். கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகை விரலால் அழுத்துங்கள்; எலும்பு கூராகக் குத்தினால் விட்டுவிடுங்கள்.