பெரிய உடம்புக்கு கில்ட்: அளவு சந்தேகங்களுக்குப் பதில்

எடின்பரோவில் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடை, தைக்கிற கடையில் அளவெடுப்பது, மடிப்பு தைப்பது இரண்டும் என் வேலை. கேளுங்கள்.

அக்கா, கிளாஸ்கோவில் நண்பன் கல்யாணம். பேன்ட் சைஸ் 42. கில்ட்டும் 42 சொல்லலாமா?

வேண்டாம் தம்பி. பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும், கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்கும். அங்கே டேப் வைத்தால் உங்களுக்கு 46, 47 கூட வரலாம். தொப்புள் சுற்றளவு, சீட் (பின்புறத்தின் அகலமான இடம்) சுற்றளவு, தொப்புளிலிருந்து முட்டி நடு வரை நீளம், இந்த மூன்றும் வேண்டும். டேப்பை வேறொருவர் பிடிக்கட்டும், நீங்கள் குனிந்தால் அளவு மாறிவிடும். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள்.

வேட்டி மாதிரி தொப்பைக்குக் கீழே கட்டினால் என்ன?

முன்பக்கம் முட்டிக்குக் கீழே இறங்கும், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே கட்டுங்கள்.

மேலேதான் கட்டுகிறேன். ஆனாலும் மடிப்பு பிரிகிறது, முதுகில் துணி தொங்குகிறது.

இது நல்ல கேள்வி. போன மாதம் ஒருவர் வந்தார், தொப்புள் சுற்றளவு 50, சீட் 46. வேறெங்கோ தைத்தது. 50-ஐ முன் 25, பின் 25 என்று சரிபாதியாகப் பிரித்திருந்தார்கள். அவருடைய முதுகுப்பக்கம் அளந்தால் 21 அங்குலம்தான். மிச்ச 4 அங்குலம் பின்னால் பை மாதிரி தொங்க, முன்னால் ஏப்ரன் (மடிப்பில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வரும் இரண்டு முன் துணிகள்) தொப்பையில் இறுகி மடிப்புகளைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. முன் 29, பின் 21 என்று பிரித்திருக்க வேண்டும். தொப்பை துணியைத் தூக்கும் என்பதால் நீளத்தையும் முன்னும் பின்னும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். பக்கிளை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

துணி கூடினால் குண்டாகத் தெரியும், 5 கஜமே போதும் என்கிறார்களே?

சீட் 52 என்று வையுங்கள். 5 கஜம் என்பது 180 அங்குலம். முன் ஏப்ரன் இரண்டுக்கும் சுமார் 70 போகும், பின்பக்கம் வெளியே தெரிவது 26. மடிப்புக்குள் போக மீதி 84. அதுவே 8 கஜமானால் 192. 84 அங்குலத்தில் மடிப்பு ஆழமில்லாமல் பின்புறத்தில் விரிந்து நிற்கும், ஆள் அதில்தான் பெரிதாகத் தெரிவார்.

ஒத்துக்கொள்ள மாட்டேன். என் சீட் 38, என் 5 கஜ கில்ட் நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் சீட் 38 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 38-க்கு 5 கஜம் பரவாயில்லை. 52-க்கு அதே துணி பற்றாது, சில உடம்புக்கு 9 கஜம் கூடக் கேட்பேன். எடையிலும் கஞ்சம் வேண்டாம், 16 அவுன்ஸ் கம்பளித் துணி அதன் பாரத்திலேயே நேராக விழும்.

நீளத்தைக் குறைத்தால் ஒல்லியாகத் தெரியுமா?

தெரியாது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார், நல்ல பருமன். முட்டிக்கு வெகு மேலே நிற்கிற கில்ட், தோல் நிறத்தில் காலுறை. கேலிச்சித்திரக்காரர்கள் அவரை விடவில்லை. முட்டி நடுவில் நிறுத்துங்கள்.

பேன்ட் 44, எந்த சைஸ்?

முதல் பதில்.

டபுள் எக்ஸெல் சட்டை போடுவேன், எந்த சைஸ்?

டேப் எடுங்கள். சட்டை, பேன்ட் எதை வைத்தும் கில்ட் சொல்லாதீர்கள்.

வாடகை கில்ட், நாளை கல்யாணம், பக்கிள் கடைசி ஓட்டைக்கு எட்டவில்லை. ஊசி குத்தலாமா?

கூடாது. கில்ட் பின் என்னும் அலங்கார ஊசியைக்கூட வெளி ஏப்ரனில் மட்டும் குத்த வேண்டும், உள் ஏப்ரனையும் சேர்த்துக் குத்தினால் உட்கார்ந்ததும் துணி கிழியும். இன்றே கடைக்குப் போய்ப் பெரியதாக மாற்றுங்கள். அது தளர்ந்தால் வெயிஸ்ட்கோட்டுக்குள் பிரேசஸ் (தோளில் மாட்டும் வார்) போட்டு நிறுத்திக்கொள்ளலாம்.